பழைய எஞ்சினுக்குப் புது மாட்யூல்: அவசரம் வேண்டாம்

புழல், சோழவரம் பக்கத்தில் கீரையும் கத்தரியும் போடும் சிறு விவசாயிகள் எல்லாருக்கும் மின் இணைப்பு கிடைத்துவிடவில்லை. விவசாய மோட்டாருக்குக் கட்டணம் இல்லை என்று 1990ல் ஆன பிறகும், குத்தகை நிலத்துக்கு இணைப்பு வாங்குவது லேசான காரியமல்ல. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்பு எஞ்சினை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு.

அது ஒரு நாள் நின்றுவிட்டால், "கரண்ட் வரவில்லை, மாட்யூல் போச்சு, புதுசு போடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். வாடும் பாத்தியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடும் விவசாயி கொடுத்ததை வாங்கி வருகிறார். பொருந்தாவிட்டால் காசும் போச்சு, தண்ணீரும் போச்சு. மாட்யூல் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் என்பது என் கருத்து.

முதலில் பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சிந்திய பெட்ரோலையும் துடைத்துவிடுங்கள். பொறி இல்லையென்றால் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்டாப் சுவிட்சு ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஒயர் தோல் உரிந்து இரும்பில் பட்டாலே பொறி வராது. பாயின்ட் வைத்த எஞ்சினானால் பாயின்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பாயின்ட் அடிக்கடி கருகிக் குழி விழுந்தால் கண்டன்சர் மீது சந்தேகப்படலாம்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, கால் மணி நேரத்தில் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுகிறதா? நின்ற அந்த நிமிடமே பொறி பாருங்கள். அப்போது பொறி இல்லையென்றால் காயில் அல்லது மாட்யூல் சூட்டில் கெடுகிறது. பொறி இருந்தால் கோளாறு எண்ணெயில் அல்லது கார்புரேட்டரில் இருக்கும்.

பாயின்டுக்குப் பதிலாக வைக்கும் சிறு எலெக்ட்ரானிக் மாட்யூல் நல்ல சாமான்தான். தேய்மானம் இல்லை. ஆனால் அது பாயின்டின் வேலையை மட்டுமே செய்யும். காயில் செத்திருந்தால் அதனால் பயனில்லை.

புதுப்பேட்டையில் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய சி.டி.ஐ. பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். அதில் பேட்டரி கரண்டில் இயங்குவது ஒன்று, மேக்னட்டோ கரண்டில் இயங்குவது ஒன்று. நம் பம்பு எஞ்சினுக்குப் பேட்டரி கிடையாது. முதல் வகையை மாட்டினால் பொறியே வராது. இரண்டாவது வகையும் அதற்கென்று உள்ள காயில்களோடுதான் ஓடும். அப்படியே பொறி வந்தாலும் அது விழும் நேரம் தப்பிவிடும். பிஸ்டன் மேலே வருவதற்குச் சற்று முன்னால் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் கயிறு எதிர்ப்பக்கம் வெட்டி இழுக்கும். மணிக்கட்டுக்கு ஆபத்து, பிஸ்டனும் சூடேறிக் கெடும். பிந்தினால் இழுவை இருக்காது. சோழவரம் ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் மோட்டார் பந்தயம் விட்டவர்களுக்கு இந்த நேரத்தை மாற்றி வைப்பது ஒரு கலை. தண்ணீர் இறைக்கிற நமக்கு அது வேண்டாத வேலை.

ஆகவே எஞ்சின் தகட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய காயிலையும் கையோடு எடுத்துப் போங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, ஒயர்களின் எண்ணிக்கை இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஃபிளைவீலுக்கு வெளியே உட்காரும் காயிலானால், மாட்டும்போது காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே கனமான விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மில்லிமீட்டர், விடுவது வழக்கம். கையேடு இருந்தால் அதில் உள்ள அளவே சரி. ஃபிளைவீல் கீ நசுங்கியிருந்தால் எந்த மாட்யூலும் உதவாது.

எந்த எஞ்சினுக்கு என்று அட்டைப்பெட்டியில் அச்சிடாமல் மாட்யூல் விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயர் இல்லையென்றால் வாங்குவோமா? மாடல் எண் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கழற்றிய பாயின்டையும் கண்டன்சரையும் தூக்கி எறியாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். புது மாட்யூல் கோடையில் கைவிட்டால், மெக்கானிக் அவற்றை மாட்டி அன்றைக்கே தண்ணீர் பாய்ச்ச வழி செய்யலாம்.