முதல் கோடு போடும் முன் எங்களையும் கூப்பிடுங்கள்

பெறுநர்:
முதன்மைத் தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை, சேப்பாக்கம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

அலுவலகக் கட்டடங்களுக்கு ஏசி வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். தமிழ்நாட்டில் அரசு கட்டுகிற அலுவலகங்களில் பெரும்பாலானவை உங்கள் துறையின் கைபட்டுத்தான் எழுகின்றன. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் அலுவலகம், ஐந்து மாடி. வரைபடம் என் மேசைக்கு வந்தபோது அஸ்திவாரம் முடிந்து முதல் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே இறங்கும் பிற்பகல் வெயிலைக் கணக்கில் சேர்த்ததும் ஏசி மெஷின் பெரிதானது. மெஷின் பெரிதானதும் குளிர்காற்றைக் கொண்டுபோகும் டக்டும் பெரிதானது. பீமில் துளை விட முடியுமா என்று கேட்டேன். "கம்பி கட்டியாச்சு, இப்ப வந்து கேக்குறீங்களே" என்றார் கட்டுமானப் பொறியாளர். அவர் சொன்னது நியாயம். வேறு வழியில்லாமல் டக்டை பீமுக்குக் கீழே ஓட்டினோம், ஃபால்ஸ் சீலிங்கை ஓரடி இறக்கினோம். இறங்கிய சீலிங் ஜன்னலின் மேல்பகுதியை மறைத்துவிட்டது. அறைக்குள் அதிகத் தூரம் போவது ஜன்னலின் மேல்பகுதி வழியே வரும் வெளிச்சம்தான்.

ஆட்கள் குடிவந்த பிறகு வந்த முதல் மே மாதத்தில் போய்ப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி. மேற்கு ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே எல்லா விளக்கும் எரிந்தன. அந்த விளக்குகளின் சூட்டையும் ஏசிதான் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். டக்ட் வாய்க்கு நேர்கீழே ஒரு பெண் சால்வை போர்த்தியபடி கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்க்கிடெக்ட், கட்டுமானப் பொறியாளர், மின் பொறியாளர், நான் எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம். ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யவில்லை. அந்தக் கட்டடம் இடிபடும்வரை அதற்கான மின் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஹைதராபாத்தில் சாட்சி நிற்கிறது. அங்கே இன்ஃபோசிஸ் தன் வளாகத்தில் ஒரு கட்டடத்தை இரண்டு சம பாதிகளாகக் கட்டியது. ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கமான ஏசி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்டினார்கள். தளமே குளிர்ந்து அறையைக் குளிர்விக்கும். இரு பாதிக்கும் தனித்தனி மீட்டர். இரண்டு வருடம் அளந்து, 2014இல் கணக்கை வெளியிட்டார்கள். குழாய் பதித்த பாதியில் குளிரூட்டச் செலவான மின்சாரம் 34 சதவீதம் குறைவு. கட்டிய செலவும் கூடவில்லை, சற்றுக் குறைவுதான்.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது குழாயை அல்ல. அந்தக் குழாய் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டு கான்கிரீட்டுக்குள் போகிறது. ஆகவே கம்பி கட்டும் முன்பே ஏசிக்காரன் அங்கே இருந்தாக வேண்டும். குளிர்ந்த தளத்தால் ஓரளவு சூட்டைத்தான் வாங்க முடியும். எனவே வெயிலை வெளியிலேயே நிறுத்தும் பொறுப்பு ஆர்க்கிடெக்டுக்கு வருகிறது. இதையே சென்னையில் செய்தால் கடற்காற்றின் ஈரம் தளத்தில் முத்து முத்தாக வியர்க்கும். உள்ளே வரும் காற்றைத் தனியாக உலர்த்த வேண்டும், ஜன்னல் சட்டங்களை இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும். ஜன்னல் பொருத்துகிறவரின் கைவேலைகூட மின் கட்டணத்தில் தெரியும்.

தனியார் செய்வார்கள், அரசால் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. டெல்லியில் 2014இல் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் என்ற அரசு அலுவலகத்தை மத்தியப் பொதுப்பணித் துறை கட்டியது. அது ஒரு வருடத்துக்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் சூரியத் தகடுகளிலேயே எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. முதலில் தேவையைக் குறைத்தார்கள். அதனால்தான் 930 கிலோவாட் தகடுகளை வைத்து அந்த இலக்கை எட்டத் திட்டமிட முடிந்தது.

டெண்டரில் எழுதாத எதுவும் கட்டடத்தில் வராது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் கொலராடோவில் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் தன் அலுவலகத்துக்கு டெண்டர் விட்டபோது, கட்டடம் ஆண்டுக்கு இவ்வளவு ஆற்றலுக்குள் இயங்க வேண்டும் என்று எண்ணைப் போட்டே கேட்டது. பணத்துக்கும் உச்சவரம்பு. வடிவமைப்பவரும் கட்டுபவரும் ஒரே அணியாக வந்து ஒப்பந்தம் எடுக்க வேண்டும். 2010இல் கட்டடம் எழுந்தது. பகல் வெளிச்சம் இருபுறமிருந்தும் நடுவரை எட்டட்டும் என்று அலுவலகப் பகுதிகளின் அகலத்தை 60 அடியோடு நிறுத்தினார்கள்.

நம் நாட்டிலும் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007இலேயே வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. சுவர், கண்ணாடி, மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று அது வகுத்துச் சொல்கிறது. ஆனால் ஆட்கள் குடியேறிய பிறகு மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று போய்ப் பார்ப்பவர் யார்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் கட்டணம் பெரும்பாலும் நாங்கள் வடிவமைக்கும் வேலையின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வருகிறது. 200 டன் ஏசி போதும் என்று பாடுபட்டுக் கணக்கிட்டுக் காட்டுபவனைவிட, எதற்கும் இருக்கட்டும் என்று 300 டன் எழுதுபவனுக்கு அதிகக் கூலி. இது தவறு. மெஷினைச் சிறிதாக்கியதற்குக் கூலி கொடுங்கள்.

தனித்தனியாக வேலை செய்தால் தவறிவிடும் இன்னொன்று: சென்னையில் சூரியன் ஏப்ரல் கடைசியில் உச்சியைத் தாண்டி வடக்கே போகிறது, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. வடக்கு ஜன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்தால் கோடையில் அகப்பட்டுக்கொள்வோம். முதல் நாளே அத்தனை பேரும் கூடியிருந்தால் இதைச் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

எல்லாக் கட்டடத்திலும் உடனே மாற்றம் கேட்கவில்லை, ஐயா. அடுத்து நீங்கள் எடுக்கும் ஓர் அலுவலகக் கட்டடம் போதும். அதில் சிவில் எஸ்டிமேட்டும் மின் எஸ்டிமேட்டும் தனித்தனியாகப் பிரியும் முன்பே ஆர்க்கிடெக்ட், கட்டுமானம், மின்சாரம், ஏசி, அங்கே வேலை செய்யப்போகும் அலுவலர், நாளை அதைப் பராமரிக்கப்போகும் எலக்ட்ரீஷியன் எல்லோரையும் இரண்டு நாள் ஒரே அறையில் உட்கார வையுங்கள். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று டெண்டரில் எழுதுங்கள். இரண்டு வருட மீட்டர் கணக்கைப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். அந்தக் கணக்கை வாசலில் மக்கள் பார்வைக்கு ஒட்டுங்கள்.

அந்த இரண்டு நாள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால், கட்டணம் எதுவும் வாங்காமல் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு குளிர்சாதன வடிவமைப்பாளர்