‘முடியவில்லை’ என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

தோள்மூட்டின் பந்தைக் குழியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்தொகுதியை மருத்துவர்கள் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்கிறார்கள். அது நைந்தாலோ கிழிந்தாலோ கையைத் தலைக்கு மேல் தூக்குவது கடினமாகும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலாது. இந்நோயில் ஒரு விந்தை உண்டு. படத்தில் தெரியும் கிழிசலின் அளவும் நோயாளி உணரும் வலியும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பெரிய கிழிசலோடு வலியே அறியாமல் உழைப்பவர்களும் இருக்கிறார்கள். சிறு நைவுக்கே உறக்கம் இழப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் நோயாளியையே கேட்டு மதிப்பெண் இடும் வினாநிரல்கள் உருவாயின. 1991இல் 13 வினாக்களுடன் ‘ஸ்பாடி’ வந்தது. 1996இல் அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் அமைப்பும் டொராண்டோவின் தொழில்நல ஆய்வு நிறுவனமும் இணைந்து 30 வினாக்கள் கொண்ட ‘டேஷ்’ நிரலை அளித்தன. அதே ஆண்டில் 12 வினாக்களுடன் ‘ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண்’ வெளியானது. இந்த நாண்நோய்க்கென்றே அமைந்த, 21 வினாக்கள் கொண்ட ‘வொர்க்’ 2003இல் வந்தது.

நோயாளியின் சொல்லை அளவீடாக ஏற்றுக்கொண்டது மருத்துவம் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொல்லை அளவீடாக ஏற்றால், சொல்லைப் பற்றிய கேள்விகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும். “மொழிபெயர்த்தாகிவிட்டது, நம்பகத்தன்மை நிறுவப்பட்டுவிட்டது” என்ற இரண்டு வாக்கியங்களோடு அக்கேள்விகள் முடிந்துவிடுவதாக நம் ஆய்வேடுகள் எழுதுகின்றன. பலமனேர் போன்ற ஓர் ஊரை முன்னால் நிறுத்திப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது என்பதே என் வாதம்.

பலமனேர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதற்குள் வந்தது. 1960இல் ஆந்திரமும் சென்னை மாநிலமும் எல்லைப் பகுதிகளை மாற்றிக்கொண்டபோது திருத்தணி இப்பக்கம் வந்தது; பலமனேர் ஆந்திரத்திலேயே நின்றது. மேற்கே சிறிது தொலைவில் கர்நாடகம், தெற்கே தமிழ்நாடு. கடைத்தெருவில் தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது நான்கும் கேட்கும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள் இங்கு ஏராளம். அவர்களுக்குத் தமிழ் தாய்மொழி. ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. தெலுங்கு எழுத்து தெரியும். ஆனால் வலியைத் தெலுங்கில் சொல்லிப் பழக்கமில்லை.

ஸ்பாடியின் தமிழ் வடிவம் 2012இல் ஹாங்காங் பிசியோதெரபி ஆய்விதழில் வெளியானது. மூல வினாநிரலை உருவாக்கிய ரோச்சும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். பாராட்டத்தக்க பணி. ஆயினும் அந்தத் தாள் பலமனேர்த் தமிழரின் கையில் படிக்க முடியாத தாள். தெலுங்குத் தாளைக் கொடுத்தால் படிப்பார். விடை எந்த மொழியிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, தோள்வலி வந்தவர் எந்தப் பேருந்தில் ஏறுகிறார் என்பதைப் பொறுத்து வினாத்தாளின் மொழியே மாறக்கூடும்: வேலூருக்குப் போனால் தமிழ், திருப்பதிக்குப் போனால் தெலுங்கு, பெங்களூருக்குப் போனால் கன்னடமோ ஆங்கிலமோ. தோள் ஒன்றுதான். மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

சொற்களைப் பார்ப்போம். ‘டேஷ்’ என்ற பெயரிலேயே புயம், தோள், கை மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. தமிழில் ‘கை’ என்றால் விரல்நுனி முதல் தோள் வரை எதுவும் ஆகலாம். தெலுங்கின் ‘செய்யி’யும் அப்படியே. ‘புஜம்’ தெலுங்கில் தோள். தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் மேற்கையின் திரட்சி. இருமொழி பேசும் ஒருவரிடம் “புஜத்தில் வலி இருக்கிறதா” என்று கேட்டால், அவர் எந்த மொழியின் புஜத்தைத் தொட்டுக் காட்டுவார் என்பது அந்த நேரத்து மனநிலையைப் பொறுத்தது.

இதைவிடச் சிக்கலானது விடைப்படிகளின் வரிசை. சிரமமில்லை, லேசான சிரமம், மிதமான சிரமம், கடுமையான சிரமம், செய்ய முடியாது என ஐந்து படிகள். ‘மிதமான’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல பெயர் இருக்கிறது. மிதமான சூடு, மிதமான வேகம், மிதமாக உண் என்றெல்லாம் அது எப்போதும் விரும்பத்தக்க அளவையே குறிக்கிறது. ‘மிதமான சிரமம்’ என்று படிக்கும்போது தாங்கத்தக்கது, பரவாயில்லை என்ற பொருள் உள்ளே நுழைந்துவிடுகிறது. நடுப்படியாக நிற்க வேண்டியது ‘லேசான’ என்பதன் மடியில் போய் விழுகிறது. கடைசிப் படியான ‘முடியாது’ இன்னும் வழுக்கலானது. “உடம்புக்கு முடியவில்லை” என்றால் நோய். “என்னால் முடியாது” என்றால் இயலாமை, மறுப்பாகவும் இருக்கலாம். தெலுங்கின் ‘சேத காது’ என்பதும் ஏறக்குறைய இதே விரிவுடையது. “தலைக்கு மேலுள்ள மின்விளக்கை மாற்ற முடியுமா?” என்று டேஷ் கேட்கிறது. வாழ்நாளில் ஒருமுறையும் விளக்கு மாற்றியிராத அம்மா “அதெல்லாம் என்னால் முடியாது” என்பார். அவர் சொன்னது வீட்டின் வேலைப் பங்கீட்டை. தாளில் ஏறுவது தோளின் இயலாமை, 5 மதிப்பெண்.

செய்யாத வேலையாக இருந்தால் உத்தேசமாக விடையளிக்குமாறு டேஷின் முன்குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பைப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கை மட்டும் பாருங்கள். முப்பது வினாக்களில் ஒன்றில் விடை ஒரு படி மாறினால் மொத்த மதிப்பெண் 0.83 மாறும். ஐந்து வினாக்களில் ‘லேசான சிரமம்’ என்றிருக்க வேண்டியது ‘முடியாது’ என்று பதிவானால் 12.5 கூடிவிடும். நோயாளி உணரத்தக்க மிகச் சிறிய மாற்றம் 10.83 என்று 2014இல் பிராங்கிஞோனி குழுவினர் இத்தாலிய நோயாளிகளிடம் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதாவது, தோளில் எதுவுமே நிகழாமல் சொல்லின் குழப்பத்தால் மட்டும் ஒருவர் ‘மோசமடைய’ முடியும். முதல்முறையும் மறுமுறையும் ஒரே பிழை நேர்ந்தால் கழித்தலில் அது மறைந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல்முறை மருமகள் படித்துக் காட்டி, ஆறு வாரம் கழித்துப் பிசியோதெரபி மாணவர் விளக்கிச் சொன்னால், பிழை ஒன்றாக இருக்காது. அப்போது கிடைக்கும் ‘முன்னேற்றம்’ எவருடையது?

மருமகள் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. டேஷின் 21ஆம் வினா பாலுறவு பற்றியது. அதை வீட்டார் வழியாகக் கேட்டு விடை பெறுவது எப்படி என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. அது வெற்றிடமாகவே போகும். மூன்றுக்கு மேற்பட்ட வினாக்கள் வெற்றிடமானால் டேஷ் மதிப்பெண்ணே கிடையாது. அந்த நோயாளி ஆய்விலிருந்து வெளியேறுகிறார்.

இனி வினாக்கள் கேட்கும் வேலைகள். புதிய ஜாடியின் இறுகிய மூடியைத் திறத்தல், தோட்ட வேலை, கோல்ஃப், ஃபிரிஸ்பீ. ஸ்பாடி பின்பக்கச் சட்டைப்பையிலிருந்து பொருளை எடுக்கச் சொல்கிறது. சேலையில் அப்படி ஒரு பை இல்லை. வொர்க் தண்டால் எடுப்பதைப் பற்றிக் கேட்கிறது. பலமனேர்ச் சுடுமண் கலைஞரிடம் கேட்க வேண்டியதோ களிமண்ணைப் பிசைவதையும், பட்டுப்புழு வளர்ப்பவரிடம் மல்பெரிக் கிளையை எட்டி ஒடிப்பதையும், தக்காளி வியாபாரியிடம் கிரேட்டை லாரியில் ஏற்றுவதையும். ரவிக்கைக் கொக்கி மாட்டுதல், கொண்டை போடுதல், துணியைக் கொடியில் எறிந்து காயப்போடுதல், ஓடும் பேருந்தில் மேற்கம்பியைப் பிடித்து நிற்றல், பாயில் படுத்தவர் கையூன்றி எழுதல் ஆகியவையெல்லாம் தோளைக் கடுமையாகச் சோதிப்பவை. நான் பார்த்த நிரல்கள் எதிலும் பாயிலிருந்து எழுவது இல்லை. கட்டிலில் உறங்குபவர்கள் எழுதிய நிரல்கள்தாமே.

உடனே “அப்படியானால் நம்மூர் வேலைகளை வைத்து மாற்றிவிடலாமே” என்று தோன்றும். இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு நிரல் கத்தியையும் முள்கரண்டியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிகிறதா என்று கேட்கிறது. இதற்குப் பதிலாக “சோறு பிசைந்து உண்ண முடிகிறதா” என்று எழுதுவது பண்பாட்டுப் பொருத்தம்போலத் தோன்றும். ஆனால் மூல வினா இரு கைகளின் ஒருங்கிணைந்த இயக்கத்தைக் கேட்கிறது. மாற்று வினா ஒரு கையை வாய்வரை கொண்டுபோவதை மட்டும் கேட்கிறது. மேலும், வலக்கை வலித்தால் வெளிநாட்டார் இடக்கைக்கு மாறலாம். நம்மிடம் அது எளிதன்று. வலித்தாலும் வலக்கையால்தான் உண்பார்கள். ஆக, சிரமத்தின் அளவும் மாறிவிட்டது, வகையும் மாறிவிட்டது. அரிவாள்மணையில் காய் நறுக்குவது ஒருவேளை இன்னும் நெருங்கிய இணையாகலாம். அதுவும் சோதித்த பிறகே. ‘தலைக்கு மேலுள்ள அலமாரி’க்குப் ‘பரண்’ என்பது நல்ல மாற்று என்று எளிதாகச் சொல்லலாம். ஏனெனில் கை எழ வேண்டிய உயரம் அப்படியே இருக்கிறது. வேலையின் பெயரை மாற்றும்போது மூட்டின் கோணத்தையும் சுமையையும் காக்க வேண்டும். இதை மொழியியலார் தனியே செய்ய முடியாது. எலும்பியலாரும் தனியே செய்ய முடியாது.

நெறிமுறை இல்லாமல் இல்லை. 2000இல் பீட்டன் குழுவினர் வகுத்த படிநிலைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: முன்மொழிபெயர்ப்பு, ஒருங்கிணைப்பு, பின்மொழிபெயர்ப்பு, வல்லுநர் குழு, முப்பது நாற்பது பேரிடம் முன்சோதனை. பின்மொழிபெயர்ப்பின்மீது நமக்குள்ள பக்திதான் எனக்குப் புரியவில்லை. ‘மிதமான’ என்பதை மீண்டும் ஆங்கிலமாக்கினால் பழைய சொல்லே கச்சிதமாகத் திரும்பி வரும். அகராதி சரி, பேச்சு தவறு. பிழையைப் பிடிக்கும் இடம் ஐந்தாம் படிநிலை. அங்கே நோயாளியிடம் “இந்தக் கேள்வியை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் படிநிலையும் அதுவே. மிஞ்சும் பக்கங்களைக் க்ரோன்பாக் ஆல்ஃபா நிரப்புகிறது. அது உயர்ந்திருந்தால் விடைகள் ஒன்றோடொன்று இசைகின்றன என்று பொருள். எல்லோரும் ஒரேமாதிரித் தவறாகப் புரிந்துகொண்டாலும் அவை இசையும்.

ஊருக்கு ஒரு நிரல் என்றால் உலக ஒப்பீடு என்னாவது என்ற மறுப்பு நியாயமானது. நான் புதிய நிரல் கேட்கவில்லை. இருக்கிற நிரலுக்கு, எழுத்தறிவைச் சாராத, வாய்மொழியாகக் கேட்பதற்கான நிலையான ஓர் உரையை, அந்த வட்டாரத்தின் பேச்சில் கேட்கிறேன். படிகளுக்கும் மக்களிடம் அளவைகள் உண்டு. “வலி ரூபாய்க்கு எட்டணா குறைந்திருக்கிறது” என்று சொல்லும் முதியவரை நான் நம்புவேன்; அணா 1957இல் வழக்கொழிந்த நாணயமானாலும் அவருக்கு அது பதினாறு படிகள் கொண்ட தெளிவான அளவுகோல். வொர்க் நிரலின் 100 மில்லிமீட்டர் கோட்டில் பேனாவால் குறியிடச் சொல்வதைவிட அது எந்த வகையில் தாழ்ந்தது?

அதுவரை, நோயாளிக் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதிவைக்கலாம்: வினாக்களை யார் படித்தார், எந்த மொழியில் விடை வந்தது, எந்த வினாக்கள் வெற்றிடமாக விடப்பட்டன. இதற்குச் செலவு ஏதுமில்லை. பலமனேருக்கு அருகிலுள்ள குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மொழியியல் மாணவர் ஒருவரும் பிசியோதெரபி மாணவர் ஒருவரும் ஒரு பருவம் சேர்ந்து உட்கார்ந்தால், அந்த முப்பது வினாக்களில் எத்தனை இந்த வட்டாரத்துத் தோளைக் கேட்கின்றன, எத்தனை வேறெதையோ கேட்கின்றன என்று பிரித்துவிடலாம். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் எழுதுங்கள். இவ்விரு துறைகளிலும் இருப்பவர்களை அறிமுகப்படுத்த முயல்கிறேன்.