ஹவுஸ் சர்ஜன் வீட்டுக்கு வந்தாச்சு... அறைக்குள் பூட்டாதீர்கள்!

ஒரு வருஷம் தூக்கமில்லாமல் வார்டு வார்டாக ஓடிவிட்டு, உங்கள் மகளோ மகனோ ஹவுஸ் சர்ஜன் முடித்துப் பெட்டி படுக்கையோடு வீடு திரும்பியாச்சு. சந்தோஷம்! அடுத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மாடி அறையைக் காலி செய்து, மேஜை போட்டு, 'பி.ஜி. சீட் கிடைக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது' என்று வீட்டுக்கே ஊரடங்கு போட்டுவிடுகிறீர்கள். மூட்டுவலி என்று பாட்டி மாடிப்படியில் கால் வைத்தால்கூட, "அத்தே, அவ படிச்சிக்கிட்டிருக்கா. அப்புறம் கேட்டுக்கலாம்" என்று தடுத்துவிடுகிறீர்கள்.

இந்த ஊரடங்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

கோபப்படாதீர்கள். நீட் பி.ஜி. தேர்வு எவ்வளவு பெரிய மலை என்று தெரிந்துதான் சொல்கிறேன். 200 கேள்விகள். படித்தே ஆகணும். ஆனால் நரம்பே தெரியாத கிழவியின் கையில் வலிக்காமல் ஊசி ஏற்றுவதை அந்த 200 கேள்விகளும் சோதிக்காது. "என்னமோ மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்கிறவரிடம் நாலு வார்த்தை பேசி, நெஞ்சுவலியா, பயமா, பட்டினியா என்று கண்டுபிடிக்கும் பக்குவத்தையும் சோதிக்காது. அதெல்லாம் கையும் காதும் கற்ற பாடம். பழக்கம் விட்டால் போய்விடும். நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி இருக்கிறதே, பயிற்சி இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே அதில் தடுமாற்றம் வந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழு வருஷம் அறைக்குள் உட்கார்ந்தால்?

சரி, வீட்டில் என்ன செய்ய முடியும்? தாத்தாவின் மாத்திரை டப்பாவில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் வயதானவர் வந்தால், "வீட்டில சாப்பிடுற எல்லா மாத்திரையையும் பையில போட்டுக் கொண்டாங்க" என்று கேட்டுப் பழகிய பிள்ளை அது. ஆனால் சொந்த வீட்டு டப்பாவை யாருமே திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்! திறந்தால் வேடிக்கையாக இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய மெட்ஃபார்மின் ஒரு பக்கம். பிரைவேட் டாக்டர் எழுதிய வேறு கம்பெனி மெட்ஃபார்மின் இன்னொரு பக்கம். பெயர் வேறு, அட்டை வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே. தாத்தா இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் அவராகவே கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் வேறு இருக்கும். அதை நாள்கணக்கில் விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் கெடும். அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அழுத்தத்தை ஏற்ற இன்னொரு மாத்திரை... நல்ல கூத்து!

அடுத்து பாட்டி. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறாரா? 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய சமாச்சாரம் அது. இடுப்பெலும்பு முறிகிற பல கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

கவனியுங்கள், பார்த்து எழுதிவைப்பது வரைக்கும்தான் பிள்ளையின் வேலை. மாத்திரையை நிறுத்துவதும் மாற்றுவதும் வைத்தியம் பார்க்கிற டாக்டரின் பொறுப்பு. சொந்த ரத்தத்துக்கு வைத்தியம் பார்க்கும்போது நிதானம் தப்பும்.

தெரிந்ததை வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கவும் சொல்லுங்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா தாண்டவமாடியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ன செய்தார் தெரியுமோ? நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து, புகட்டச் சொன்னார். 30 சதவீதம் போல இருந்த சாவு, அவர் பொறுப்பிலிருந்த முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எத்தனை தண்ணீரில் கரைக்கணும் என்று தெரியும்? பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கொட்டிக் கலக்குகிற வீடுகள்தான் அதிகம்.

வீட்டோடு நின்றால் போதாது. ஹவுஸ் சர்ஜன் காலத்தின் 52 வாரத்தில் 12 வாரம் சமுதாய மருத்துவத்துக்கு என்று 2021-ல் விதியே வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணையில் கற்ற அந்தப் பாடம் புத்தகத்தில் கிடைக்காது. பயிற்சி முடிந்து நிரந்தரப் பதிவும் கிடைத்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள், அரை நாள், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் சீனியர் ஒருவரோடு உட்கார அனுப்புங்கள். சம்பளம் கம்மிதான், இருக்கட்டும். 'படிப்பு கெடும்' என்று பயப்பட வேண்டாம். காலையில் பார்த்த நோயாளியின் நோயை மாலையில் புத்தகத்தில் படித்தால், அது மறக்குமா?

இன்னொரு தொந்தரவு, பக்கத்து வீட்டு மாமி. "டாக்டர் பொண்ணு வந்திருக்காளாமே, ஒரு ஊசி போட்டுவிடச் சொல்லேன்" என்று வாசலில் நிற்பார். மகளைக் கூப்பிடாதீர்கள். "ஊசியெல்லாம் ஆஸ்பத்திரியிலதான் மாமி. வேணும்னா ஞாயித்துக்கிழமை உங்க மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வாங்க, பார்த்துச் சொல்லுவா" என்று நீங்களே சொல்லி அனுப்பிவிடுங்கள்.