தவ்பாவுக்குப் பின்னுமா தண்டனை?

வழிப்பறிக்காரராயிருந்த ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) தவ்பா செய்து இறைநேசரானதை நம் மிம்பர்கள் போற்றுகின்றன. அவரே இன்று ஒரகடத்தில் வேலை கேட்டு, காவல்துறைச் சரிபார்ப்பில் பழைய தண்டனை தெரியவந்தால், தொழிற்சாலை வாயிலோடு திருப்பி அனுப்பப்படலாம்.

இளைஞர் நீதிச் சட்டம் (2015) சில விலக்குகளோடு சிறாரின் தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. நன்னடத்தைச் சட்டம் (1958) அதன்கீழ் விடுவிக்கப்பட்டோரின் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் சிறு குற்றத்திற்குச் சிறை சென்று திருந்திய பெரியவரின் பதிவைக் காலப்போக்கில் நீக்கும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. பிரிட்டனிலோ 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தால் பல தண்டனைகள் கழிந்தவையாகும்; பெரும்பாலான வேலைகளுக்கு அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

"குற்றத்தை மறைப்பது மோசடியல்லவா?" என்பர். பொய்யுரைக்க நாம் உரிமை கோரவில்லை. கேள்விக்குக் கால எல்லை கோருகிறோம். குழந்தைகளைப் பராமரிக்கும் பணிகளுக்கு விலக்கு இருக்கட்டும். வெல்டிங் செய்பவருக்கு எதற்கு ஆயுள் முத்திரை?

சட்டம் வரும்வரை நம் கைகளைக் கட்டியவர் யார்? தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தக்காரர்களும் பட்டறை முதலாளிகளும் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். அல்லாஹ்வின் மன்னிப்பை நாடி நிற்கும் நாம், அவன் அடியாருக்கு மட்டும் கதவடைப்பது எந்த நியாயம்?