இணையத் தடை: ஆட்சி மாறினால் நிலைப்பாடும் மாறுமா?

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் வெளியான ஓர் உத்தரவு, மூன்றே நாளில் கைவிடப்பட்டது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்குப் பிறப்பித்த உத்தரவு அது. அதை எதிர்த்தவர்களில் ஆளும் கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரும் இருந்தனர். தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில், செப்டம்பர் 8ஆம் தேதி அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

கைப்பேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் எனும் சேவை. தொலைபேசிப் புத்தகத்தில் பெயரைப் பார்த்து எண்ணை எடுப்பது போன்றது இது. ஆணையம் தடை செய்த தளத்தின் எண்ணை உள்நாட்டு நிறுவனங்கள் தருவதில்லை. ஆனால் கூகல், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிநாட்டுச் சேவைகளிடம் கேட்டால் அது கிடைத்துவிடும். அந்தக் கேள்விகளையும் செப்டம்பர் 30க்குள் உள்நாட்டுப் பக்கமே திருப்பிவிட வேண்டும் என்பதுதான் உத்தரவு.

ஆணையம் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளைக் காப்பதே நோக்கம் என்றது. சம்பளப் பணத்தைக் கைப்பேசிச் சூதாட்டத்தில் தொலைத்த ஒருவர் இருக்கும் வீட்டுக்கு அந்தக் காரணம் நன்றாகவே புரியும். 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்கள் தடை செய்யப்பட்டதாக ஆணையம் கணக்குக் காட்டியது. அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டம். 31 விழுக்காடு ஆபாசம். 14 விழுக்காடு காப்புரிமை மீறல். தோட்டத்திலும் பட்டணத்திலும் பலரின் சேமிப்பைக் கரைக்கும் மோசடி, சட்டவிரோத முதலீட்டுத் தளங்களோ 2 விழுக்காடு மட்டுமே.

அப்படியிருந்தும் எதிர்ப்பு ஏன் எழுந்தது? சூதாட்டத் தளத்தை மூடும் அதே கதவு, செய்தித் தளத்தையும் மூடும் என்பதை மலேசியர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று அரசாங்கம் முதலீட்டாளர்களுக்கு வாக்குறுதி கொடுத்தது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆவது பிரிவும், அச்சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கான அனுமதியாகக் கொள்ளக் கூடாது என்கிறது.

அந்த வாக்குறுதிக்குச் சோதனை வந்தது 2008க்குப் பிறகு. 2007 நவம்பர் 25 இண்ட்ராப் பேரணியின் காட்சிகள் வலைப்பதிவுகளிலும் இணைய ஊடகங்களிலும் வேகமாகப் பரவின. அடுத்த மார்ச் பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. இணையப் போரில் தோற்றுவிட்டதாக அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி ஒப்புக்கொண்டார். 2008 ஆகஸ்டில் ‘மலேசியா டுடே’ தளம் முடக்கப்பட்டு, சில வாரங்களில் திறந்துவிடப்பட்டது. 2009இல் நாடு தழுவிய இணைய வடிகட்டி குறித்து அரசாங்கம் ஆராய்வதாகச் செய்தி வந்தது. ஜசெகவின் மூத்த தலைவர் லிம் கிட் சியாங் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் கடுமையாக எதிர்த்தனர். இணையத்தை வடிகட்டப் போவதில்லை என்று பிரதமர் நஜிப் ஆகஸ்டில் அறிவித்தார்.

அதே நஜிப் ஆட்சியில்தான், 1எம்டிபி விவகாரத்தை வெளிக்கொணர்ந்த ‘சரவாக் ரிப்போர்ட்’ 2015 ஜூலையில் முடக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் முடக்கப்பட்ட ‘தி மலேசியன் இன்சைடர்’ அடுத்த மாதமே இழுத்து மூடப்பட்டது. நாட்டின் நிலைத்தன்மைக்கு ஆபத்து என்பதே ‘சரவாக் ரிப்போர்ட்’ முடக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர் 2020 ஜூலையில், 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சியின் பணம் தொடர்பான வழக்கில் நஜிப் குற்றவாளி என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் எதைப் படிக்கக் கூடாது என்று மறைக்கப்பட்டதோ, அதுவே மக்கள் அறிந்திருக்க வேண்டியதாக இருந்தது.

2018 மே மாதம் ஆட்சிக்கு வந்த பக்காத்தான் ஹராப்பான், ‘சரவாக் ரிப்போர்ட்’ மீதான தடையைச் சில நாள்களில் நீக்கியது. ஆனால் 2024 உத்தரவு வெளிவந்தது, அதே பக்காத்தான் தலைமையிலான ஆட்சியில். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது தடையாகத் தெரிவது, ஆட்சியில் அமர்ந்ததும் பாதுகாப்பாகத் தெரிகிறது. இது ஒரு கட்சியின் குறை மட்டுமல்ல. அதிகாரம் கையில் இருந்தால், அதைப் பயன்படுத்த ஆசை வருவது எல்லாருக்கும் இயல்பு.

அதனால் எதிர்க்கட்சியின் குரலை மட்டும் நம்பியிருக்க முடியாது. அது தேர்தலுக்குத் தேர்தல் இடம் மாறும். எந்தெந்தத் தளம் முடக்கப்பட்டது, எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எவ்வளவு காலத்துக்கு என்பதை எவரும் பார்க்கும் பட்டியலாக வெளியிடுவது முதல் தேவை. செய்தி, அரசியல் தளங்கள் என்றால் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகே தடை என்பது அடுத்தது. சூதாட்டத் தளங்களை மூடுவதற்கு இவை இரண்டும் குறுக்கே நிற்காது.

2024இல் மூன்று நாளில் அரசாங்கம் பின்வாங்கியது நல்ல செய்தி. ஆனால் நிறுத்தி வைக்கப்பட்ட உத்தரவு வேறு. சட்டத்தால் தடுக்கப்பட்ட உத்தரவு வேறு. பிள்ளையைச் சூதாட்டத்திலிருந்து காப்பாற்று என்று கேட்கும் பெற்றோர், நாளை தங்கள் தோட்டத்துச் சிக்கலைச் சொல்லும் செய்தி மறைந்துபோகாது என்ற உறுதியையும் சேர்த்தே கேட்கலாம். வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும் முன்வைக்க வேண்டிய கேள்வி அது.