நாகூர் துறையை மணல் மட்டுமா மூடியது?

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களிலேயே நின்றுபோன அந்தச் சேவை 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. பருவமழைக் காலத்தில் நிறுத்துவதும் பிறகு விடுவதுமாக இருந்தாலும், நாகையிலிருந்து மறுபடியும் கப்பல் போகிறது என்பதே நம் பகுதி மக்களுக்குப் பெரிய செய்திதான்.

அந்தக் கப்பல் புறப்படும் முன் நடந்த வேலையைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. கப்பல் வந்துபோகும் அளவுக்கு ஆழம் வேண்டும் என்பதற்காகத் துறைமுகத்தின் வழி தூர்வாரப்பட்டது. மணலை அள்ளிய பிறகே கப்பல் வந்தது. அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே நாகூரில் வெட்டாறு கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் மலாக்கா, கெடா, அச்சே வரை மரக்கலங்களை அனுப்பிய துறை அது. இன்று அங்கே மீன்பிடிப் படகுகள் ஒதுங்குகின்றன. ‘ஆறு தூர்ந்து போச்சு, கப்பல் நின்னு போச்சு’ என்று நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரியில் உண்மை இருக்கிறது; ஆனால் முழு உண்மை இல்லை.

மணல் எங்கிருந்து வருகிறது?

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தஞ்சாவூருக்கு அருகே தென்பெரம்பூரில் மறுபடி பிரிகிறது. அங்கே பிரியும் வெட்டாறுதான் திருவாரூர்ப் பகுதி வயல்களைத் தாண்டி நாகூர் வந்து சேர்கிறது. வரும்போது வண்டலைக் கொண்டுவருகிறது. கடலும் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆற்று வண்டலும் கடல் மணலும் முகத்துவாரத்தில் சந்தித்துத் திட்டாக நிற்கின்றன.

இந்தத் திட்டை உடைப்பது ஆற்று வெள்ளம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வெள்ளம் முகத்துவாரத்தை அடித்துத் திறந்துவிடும். கோடையில் கடல் மறுபடி மூடும். இது பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த சுழற்சி. 1836-இல் முக்கொம்பில் மேலணை வந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளமாக ஓடி வந்த நீர் தேக்கப்பட்டு, பங்கிடப்பட்டு, வாய்க்கால்களில் போனது. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான ஏக்கர் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைந்தது அந்த நீரால்தான். அந்த நெல்லைத்தான் நாமும் உண்டோம். ஆனால் முகத்துவாரத்தைக் கழுவிவிடும் வேகம் ஆற்றுக்குக் குறைந்தது. ஆறு தானாகச் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

ஆழம் குறைந்த துறை எப்படி வளர்ந்தது?

நாகூர் எந்தக் காலத்திலும் ஆழமான துறைமுகமாக இருந்ததில்லை. சோழமண்டலக் கரையின் பெரும்பாலான துறைகளைப் போல, பெரிய மரக்கலங்கள் கடலிலேயே நங்கூரம் போட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. ஆழமில்லாத இந்த ஊர் எப்படி வளர்ந்தது?

முதல் காரணம் அரசியல். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தனர். 1690-இல் சோழமண்டலத்தில் தங்கள் தலைமையிடத்தையே அங்கு மாற்றினர். அவர்களிடம் கடவுச்சீட்டு வாங்க வேண்டும், வரி கட்ட வேண்டும், அவர்கள் கைவைத்த சரக்கைத் தொடக் கூடாது. பக்கத்திலேயே இருந்த நாகூரோ தஞ்சை மன்னரின் ஆளுகையில் இருந்தது. மரைக்காயர்களுக்கு அது மூச்சுவிடும் இடமானது. துணியும் அரிசியும் இங்கிருந்து போயின. தகரமும் மிளகும் பாக்கும் அங்கிருந்து வந்தன. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடக்கமாகியிருக்கும் ஊர் என்பதால் கடலோடிகளின் மனமும் இங்கேயே இருந்தது. 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். மன்னர், வணிகர், மக்கள் மூவருக்கும் இந்த ஊரோடு இருந்த உறவுக்கு அந்த மினாரா சாட்சி.

ஊரின் மதிப்பை இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லும். 1773-இல் தஞ்சை மன்னர் துளஜா நாகூரை டச்சுக்காரருக்கு விற்றார். ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் அதை ஏற்கவில்லை. டச்சுக்காரர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சில ஆண்டுகளில் நாகூர் ஆங்கிலக் கம்பெனியிடம் போனது. 1781-இல் நாகப்பட்டினமும் போனது. மணல் அடைத்த பயனற்ற துறைக்காக யாரும் இப்படிப் போட்டி போட மாட்டார்கள்.

சரிவு எங்கே தொடங்கியது?

இரண்டு ஊர்களும் ஒரே கையில் வந்தபோது நாகூரின் தனிச் சலுகை முடிந்தது. 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கைத் தொடங்கினர். நம்மவர்கள் அங்கேயும் போனார்கள். பினாங்கில் சூலியா தெருவும், சிங்கப்பூரில் 1828–1830 காலத்தில் எழுந்த நாகூர் தர்காவும் அந்தப் பயணத்தின் தடங்கள். பாய்மரம் ஓடிய வரை நாகூர்த் தோணிகளுக்கு வேலை இருந்தது.

நீராவிக் கப்பல் வந்ததும் கணக்கு மாறியது. அதற்குப் பெரிய முதல் வேண்டும். ஆழமான கடல் வேண்டும். கரையில் ரயில் வேண்டும். ரயில் 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஓடியது. பிறகு சென்னையில் கல்லைக் கொட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். தூத்துக்குடிக்கும் ரயில் போனது. அரசின் பணம் அந்த ஊர்களுக்குப் போனது. நாகூர் முகத்துவாரத்துக்கு அப்படிச் செலவிட யாரும் இல்லை. பாய்மரக் காலத்தில் சமாளிக்க முடிந்த மணல், நீராவிக் காலத்தில் தடையானது.

அதோடு நம் நிலையும் மாறியது. கப்பல் சொந்தக்காரராகவும் நகுதாவாகவும் மாலுமியாகவும் இருந்த சமுதாயம், ரஜுலா கப்பலில் டிக்கெட் எடுத்துப் போகும் சபுராளிச் சமுதாயமானது. 1985-இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த பிறகு மலாயா வழிக் கப்பல் பயணமும் நின்றது. பிறகு விமானம், வளைகுடா. நம் வீடுகளுக்குப் பணம் வந்தது. ஊரின் துறைக்குத் திரும்பிப் பார்க்கும் தேவை இல்லாமல் போனது.

ஒரே கரையில் மூன்று பாடங்கள்

மணலால் ஒரு துறை முழுதாக அழிந்ததும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகம் தாமிரபரணி வண்டலால் தூர்ந்தது. பழையகாயல் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஆற்று மணலை எந்திரத்தால் அள்ள முடியாத காலம் அது.

சிங்கப்பூர் நாகூர் தர்கா நிற்கும் தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. இன்று அங்கிருந்து கடல் தெரியாது. அங்கே மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது மனிதர்கள். கடலைத் தூர்த்த அதே நகரம், வேறிடத்தில் ஆழத் துறைமுகம் கட்டி உலக வணிகத்தைத் தன் பக்கம் இழுத்தது.

மூன்றாவது பாடம் நம் வீட்டு வாசலில். நாகூருக்கு வடக்கே கீழவாஞ்சூரில் 2009-இல் காரைக்கால் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அலைத்தடுப்புச் சுவர்களும் தூர்வாரலும் இருப்பதால் பெரிய கப்பல்கள் வந்து நிலக்கரி இறக்குகின்றன. 2023-இல் அதானி குழுமம் அதை 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே கடல், அதே மணல். செலவிட ஆள் இருக்கும் இடத்தில் மணல் துறைமுகத்தைத் தடுக்கவில்லை.

இன்று நாம் கேட்க வேண்டியது

நாகூருக்குப் பழைய மரக்கலங்கள் திரும்பி வரப்போவதில்லை. அதற்காக ஏங்குவதும் பயனில்லை. ஆனால் வெட்டாற்றின் வாய் அடைபடுவது இன்றைக்கும் வாழ்வாதாரப் பிரச்சினை. மணல்திட்டில் படகு தட்டினால் மீனவரின் படகும் போகும், உயிருக்கும் ஆபத்து. பெருமழையில் வடிகால் தடைபட்டால் கடைமடை வயலில் நீர் நின்று சம்பா அழுகும். கடலோரத்தில் படகு வைத்திருப்பவரும் உள்நாட்டில் நிலம் வைத்திருப்பவரும் ஒரே முகத்துவாரத்தை நம்பியிருக்கிறார்கள்.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, தூர்வாரல் ஒருமுறை விழாவாக நடக்கக் கூடாது; ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் நடக்கும் பராமரிப்பாக வேண்டும். இரண்டு, தூண்டில் வளைவோ கற்சுவரோ கட்டுமுன் அக்கம்பக்கக் கரையையும் சேர்த்து ஆராய வேண்டும். சென்னைத் துறைமுகச் சுவரால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டது. ஒரு குப்பத்துக்குப் பாதுகாப்பு, அடுத்த குப்பத்துக்கு அழிவு என்று ஆகிவிடக் கூடாது. மூன்று, கடல் நீர் உட்புகுந்து நிலத்தடி நீரை உப்பாக்காதபடி கடைமடைத் தடுப்புகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இதை மீனவப் பஞ்சாயத்தும் விவசாயிகளும் ஏற்கெனவே பேசுகிறார்கள். நம் ஜமாஅத்துகள் அவர்களோடு உட்கார வேண்டும். ஒரே மனுவில் மூவரின் கையெழுத்தும் இருந்தால் அதன் கனம் வேறு. தர்காவின் கந்தூரிக்கு எல்லாச் சமயத்தாரும் கூடும் ஊருக்கு இது கடினமான காரியமில்லை.

கடலில் கப்பல் செல்வதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகத் திருமறையில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். பாதையில் மக்களுக்கு இடையூறாகக் கிடப்பதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளையும் கல்லையும் சொல்லும்போது நாம் தெருவை மட்டுமே நினைக்கிறோம். மீனவருக்கு முகத்துவாரம்தான் தெரு. வெள்ளத்துக்கும் அதுதான் வழி. அங்கே கிடக்கும் மணலும் அகற்றப்பட வேண்டிய இடையூறுதான். வரும் மழைக்காலத்துக்கு முன் அதற்கான முதல் மனுவை நாகூரிலிருந்தே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.