கற்பனை விலங்கும் கண்முன் தவளையும்

'போக்கிமொன்' என்னும் யப்பானிய விளையாட்டை வைது தீர்ப்பது கல்விமான்கள் பலருக்கு இன்று எளிய தொழிலாகிவிட்டது. பிள்ளைகளின் அறிவு பாழாகிறது, பண்பாடு அழிகிறது என்று மேடைதோறும் ஓலமிடுகிறார்கள். நாம் இந்த ஓலத்தில் சேர மறுக்கிறோம்.

அவ்விளையாட்டு பிள்ளைக்குக் கொடுப்பதுதான் என்ன? 1996ஆம் ஆண்டில் 151 கற்பனை உயிர்களோடு அது வெளிவந்தது. இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் எண், எடை, உறைவிடம், இயல்பு. அதனை ஆக்கிய சத்தோசி தஜிரி, இளமையில் தோக்கியோப் புறநகரில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அங்கிருந்த வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்கு இரையானதைக் கண்டவர். பறிபோன வயலின் நினைவிலே பிறந்த கற்பனை அது.

2002ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' ஏட்டில் கேம்பிரிட்ச் ஆய்வாளர் ஒரு செய்தி வெளியிட்டனர். எட்டு வயதுப் பிரித்தானியப் பிள்ளைகள் போக்கிமொன் உயிர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80ஐ இனங்கண்டனர். தம் நாட்டு உயிர்களிலோ பாதியளவையே கண்டனர். பிள்ளையின் அறிவுப்பசிக்குக் குறைவில்லை, சோறிடுவோர்தாம் இல்லை என்பதன்றோ இதன் பொருள்?

அதே ஆண்டில் அதே ஏடு, இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட மரத்தவளை இனங்கள் உள்ளன என்று உலகுக்கு அறிவித்தது. அவற்றுட் பெரும்பாலானவை நீரைத் தேடுவதில்லை. வாற்பேத்தைப் பருவமும் அவற்றுக்கு இல்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து சிறு தவளையே நேராக வெளிவருகிறது! எந்தக் கற்பனை விலங்கு இதற்கு ஈடாகும்? கண்டிச் சுற்றுப்புறத்திலும் வாழும் இவ்வுயிர்களைப் பற்றி, ஹந்தானைத் தோட்டத்து லயன்களிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை தன் தாய்மொழியில் படிக்க என்ன நூல் உண்டு? குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய 99 மலர்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பண்டிதர்கள், சன்னலுக்கு வெளியே நிற்கும் குறிஞ்சி நிலத்தை ஒருமுறையேனும் பிள்ளைக்குக் காட்டினார்களா?

விளையாட்டில் குற்றமே இல்லையென்று நாம் வாதிடவில்லை. ஓருயிர் கணப்பொழுதில் வேற்றுருக் கொள்வதை அது 'கூர்ப்பு' என்கிறது. அது உருமாற்றம், கூர்ப்போ பல தலைமுறைகளினூடே ஓர் இனத்தில் நிகழ்வது. இதைவிடப் பெரிய பொய் ஒன்றும் அதில் உண்டு. அங்கே காடு உண்டு, காட்டை வெட்டிய முதலாளி இல்லை. மலை உண்டு, அம்மலையில் கூலிக்கு உழைப்பவர் இல்லை. நமது மலைநாட்டிலோ முதலிற் கோப்பிக்கும், 1867க்குப் பின் தேயிலைக்கும் காடுகள் வீழ்ந்தன. ஈரம் வற்றிய மண்ணில் தவளை முட்டை பிழைக்காது. உலகிலிருந்தே மறைந்துபோன இலங்கைத் தவளை இனங்கள் பதினைந்துக்கும் மேல். காட்டை அழித்த அதே இலாபவேட்டைதான் கொழுந்து பறிப்பவளை லயன் அறைக்குள் அடைத்தது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத உயிரியல் பாடம் அரைப்பாடமே.

2010இல் ஹந்தானை சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நன்று. ஆனால் வர்த்தமானியைப் படித்துப் பிள்ளை தவளையை அறியப்போவதில்லை. நாம் கேட்பது இதுவே: ஹந்தானையின் உயிர்களுக்குப் பெயரும் படமும் உறைவிடமும் தந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கையேடு மலையகப் பள்ளிகள் அனைத்துக்கும் இலவசமாக வரட்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் அம்மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது, அறிஞர்க்குப் பஞ்சமில்லை. மலையில் உழைப்போரின் வாய்மொழிப் பெயர்களும் அதில் ஏறட்டும். அதைச் செய்த பிறகு விளையாட்டை வையுங்கள். அதுவரை பிள்ளைகளை வைய எவருக்கும் உரிமையில்லை.